ஆளைக் குறை சொல்லும் முன்: ஐரோலி டீம் லீட்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோலி கிழக்கிலும் மேற்கிலும் உள்ள மைண்ட்ஸ்பேஸ் வளாகங்களிலும், தாணே–பேலாப்பூர் சாலை நெடுக இருக்கும் மற்ற அலுவலகங்களிலும் டீம் லீடாக, மேனேஜராகப் பணியாற்றும் தமிழ் நண்பர்களுக்கு,



நிறுவனத்தின் பெரிய முடிவுகள் உங்கள் கையில் இல்லை. எத்தனை பேரை எடுப்பது, வாரத்தில் எத்தனை நாள் ஆபீசுக்கு வரச் சொல்வது, மொத்தச் சம்பள உயர்வு எவ்வளவு என்பதெல்லாம் மேலிடத்தில், பல சமயம் வேறு நாட்டில், முடிவாகிறது. ஆனாலும் பத்துப் பதினைந்து பேரின் அன்றாடம் உங்கள் சொல்லில்தான் நடக்கிறது. யாருக்கு நைட் ஷிஃப்ட், யாருக்கு எந்த ரேட்டிங், தாமதமாக வந்தவரிடம் என்ன கேட்பது, தவறு செய்தவரை எல்லோர் முன்னாலும் நிறுத்துவதா தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதா என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுப்பவர் நீங்கள். அதனால்தான் இந்த மடல் முதலாளிகளுக்கு அல்லாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

உங்களில் பலர் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்து இந்த நாற்காலிக்கு வந்தவர்கள். சயானில் ஏறி, தாணேயில் இறங்கி, டிரான்ஸ் ஹார்பர் லோக்கலைப் பிடிக்கப் படியேறி ஓடிய காலம் மறந்திருக்காது. 2004 நவம்பரில் தாணேக்கும் வாஷிக்கும் இடையே பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ரசாயன ஆலைகளுக்குப் பேர்போன, அந்தப் பாதையை ஒட்டிய தொழிற்பேட்டையின் ஓரம் இன்று கண்ணாடிக் கட்டடங்களின் வரிசையாக நிற்கிறது.

அதே ரயிலில் இன்று வருகிற ஒருவர் மாதக் கடைசியில் டார்கெட்டை எட்டவில்லை என்றால் மீட்டிங்கில் விழும் முதல் வார்த்தை, "ஆட்டிட்யூட் சரியில்லை." அடுத்தது, "கமிட்மென்ட் போதாது." வேலையிடங்களில் மனிதர்களும் குழுக்களும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர்களின் முடிவுகளைப் படித்தால், இந்த இரண்டு வார்த்தைகளையும் கடைசியாக எடுக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. முதலில் பார்க்க வேண்டியது வேலையின் ஏற்பாட்டை. யார் யாரோடு சேர்ந்து செய்கிறார், எதற்கு யார் முழுப் பொறுப்பு, கூலி எந்தக் கணக்கில் வருகிறது, கீழே இருப்பவர் ஒன்று சொன்னால் கேட்பதற்கு ஆள் உண்டா?

பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஒரே கதையைத்தான் சொல்வார்கள். சிகாகோவை அடுத்த ஹாத்தோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வு அது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியதாம்; தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதே தொழிலாளர்களுக்கு ஊக்கமானதாம். அந்த விளக்குச் சோதனையின் மூலக் கணக்குகள் தொலைந்துவிட்டதாகவே நெடுநாள் நம்பப்பட்டது. ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் அவற்றைத் தேடியெடுத்து 2011-ல் மறுபடி அலசியபோது, வகுப்பில் சொல்லப்படுகிற அளவுக்கு எதுவும் அதில் தென்படவில்லை. சிகாகோ கதையை ஒதுக்கிவிட்டு நம் பக்கத்தில் நடந்த ஆய்வுகளைப் பார்க்கலாம். அவை எண்ணிக்கையிலும் தரத்திலும் குறைந்தவை அல்ல.

முதலில் அகமதாபாத்.

சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில், 1952-ல் தன் ஜூபிலி ஆலையில் தானியங்கித் தறிகளை இறக்கியது. விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் அண்ணன் கௌதம் சாராபாய் அப்போது அதன் தலைவர். தறிகள் புதியவை, ஆட்கள் அனுபவசாலிகள், இன்ஜினியர்கள் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் அளந்து பங்கு பிரித்திருந்தார்கள். உற்பத்தி மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. துணியில் பழுதும் அதிகம். லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து கென்னத் ரைஸ் என்ற ஆய்வாளரை அழைத்தார்கள்.

ரைஸ் பார்த்தது இதுதான். கூடத்தில் 224 தறிகள், 29 ஆட்கள், 12 வகை வேலைகள். நெசவாளர் ஒருவர் 24 அல்லது 32 தறிகளைக் கவனிக்கிறார். நூல் நிரப்புபவருக்கு 40, 50 தறிகள். பாவு மொத்தமாக அறுந்தால் சரிசெய்பவருக்கு 60 முதல் 80. எண்ணெய் போடுபவர், பெருக்குபவர் போன்ற சிலருக்குக் கூடம் முழுவதும். ஒரு தறி நின்றால் அதை மறுபடி ஓட வைக்கப் பலர் வர வேண்டும். அந்தப் பலரின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தாது. நெசவாளர் கூப்பிடும் நேரத்தில் மற்றவர் வேறொரு நெசவாளரின் தறியில் இருப்பார். காகிதத்தில் எல்லாம் கச்சிதம். கூடத்தில் யாருக்கும் யாரோடும் சேர்ந்த குழு என்று ஒன்று இல்லை. இதில் எந்த ஆளின் மனப்பான்மையை மாற்றி என்ன பயன்?

அவர் சொன்ன யோசனை எளிமையானது. தறிகளைத் தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு ஏற்கட்டும். விரிவான திட்டம் எதையும் அவர் எழுதித் தருவதற்குள் மேஸ்திரிகளும் தொழிலாளர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1953-ல் தங்களுக்குள் யார் யாரோடு சேருவது என்று அவர்களே முடிவுசெய்து, 64 தறிகளுக்கு ஏழு பேர் என்று குழு அமைத்தார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. பிறகு சுமார் 80 சதவீதமாக இருந்த தறித் திறன் 95 சதவீதம் வரை போனது. 32 சதவீதம் பழுதாகிக்கொண்டிருந்த துணி 20 சதவீதமாகக் குறைந்தது. ஆட்கள் மாறவில்லை, தறிகளும் மாறவில்லை.

இந்தக் கதையின் பின்பாதியையும் சொல்லியாக வேண்டும். ரைஸின் சகாவான எரிக் மில்லர் 1970-ல் அந்த ஆலைக்குத் திரும்பிப் போனார். ஒரு பகுதியில் குழு முறை பெரும்பாலும் நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் மெல்ல மெல்லப் பழைய முறைக்கே போயிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த நெருக்கடிகள் குழுக்களின் எல்லையைக் கலைத்த இடங்களில் அது உயிரோடு இருக்க முடியவில்லை. குழுவை உருவாக்கியது தொழிலாளர்கள். அதைக் காப்பாற்ற வேண்டியது அவர்களுக்கு மேலே இருந்தவர்களின் வேலை.

உங்கள் தளத்தில் ஒரு வாடிக்கையாளரின் புகார் டிக்கெட் எத்தனை கை மாறுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். முதலில் எடுப்பவர் ஒருவர், ஆராய்பவர் இன்னொருவர், நிரலைத் திருத்துபவர் புனேயில், சோதிப்பவர் சென்னையில், மூடுபவர் மறுபடி ஐரோலியில். ஒவ்வொருவரின் நிமிடக் கணக்கும் டாஷ்போர்டில் பச்சையாக இருக்கும்; டிக்கெட் மட்டும் ஆறாம் நாளும் திறந்தே இருக்கும். அகமதாபாத்தின் 12 வகை வேலைகள் இன்னும் முடிந்துபோகவில்லை.

இரண்டாவது இடம் இன்னும் பக்கம். விரார் தாண்டிப் பால்கர் மாவட்டத்தில் இருக்கும் தாராப்பூர். 2008-ல் தொடங்கி நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் தாராப்பூரிலும் குஜராத் எல்லைக்குள் இருக்கும் உம்பர்காவிலும் 17 துணி நிறுவனங்களின் 28 ஆலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலவற்றுக்கு நிர்வாக ஆலோசகர்களை இலவசமாகப் பல மாதம் அனுப்பினார்கள். மற்றவற்றில் நிலைமையை அளந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே போனவர்கள் கண்டது: தரையில் சிதறிக் கிடந்த கருவிகள், எவ்வளவு இருக்கிறது என்று கணக்கே இல்லாத நூல் கிடங்கு, எந்தத் தறியில் எந்தப் பழுது வந்தது என்று எழுதி வைக்காத வழக்கம். ஆலோசகர்கள் 38 எளிய நடைமுறைகளைக் கொண்டுவரப் பார்த்தார்கள். பழுதைக் குறித்துவை, நூலை எண்ணு, இயந்திரத்தைக் கெடும் முன் கவனி, தினமும் கூடிப் பேசு. முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடி போனபோது அந்த நடைமுறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தன. மேனேஜர் மாறிப் போன ஆலைகளில் அதிகமாக. ஆனாலும் உதவி பெறாத ஆலைகளைவிட அவை முன்னால்தான் இருந்தன. இந்த ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதைக் குறிப்பாகக் காட்டியது, முதலாளியின் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்ற எண்ணிக்கை. வெளி ஆளை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க மனமில்லாததால், வீட்டு ஆட்கள் தீர்ந்ததும் வளர்ச்சியும் நின்றது. நம்பிப் பொறுப்பைக் கைமாற்றுவது மேலாளரின் குணநலன் என்று நினைக்கிறோம். தாராப்பூரில் அது தறிகளின் எண்ணிக்கையையே முடிவுசெய்தது.

இனிச் சென்னை. இது தாராவியை அறிந்தவர்களுக்கு நெஞ்சில் படும்.

சென்னையில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 452 பேருக்கு ஒரு மாத டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, கையில் தூக்கத்தை அளக்கும் கருவி கட்டி ஓர் ஆய்வு நடந்தது. பெட்ரோ பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் முதலானோர் அதை 2021-ல் வெளியிட்டார்கள். அந்த மக்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். தூங்கியது சராசரி ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, தெருச் சத்தம், நெருக்கம் என்று காரணங்கள் தெரிந்தவையே. கண்மூடி, காதடைப்பான், மின்விசிறி, மெத்தை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. துண்டு துண்டாக உடைந்த தூக்கத்தோடு இன்னொரு துண்டைச் சேர்த்ததால் பயன் வரவில்லை என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே அலுவலகத்தில் ஒரு பகுதியினருக்குப் பிற்பகலில் அரை மணி நேரம் அமைதியான இடத்தில் தூங்க வாய்ப்புக் கொடுத்தபோது, வேலை வேகமும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. தூங்கிய நேரம் வேலை நேரத்திலிருந்து கழியும் என்பதையும் அவர்கள் மறைக்காமல் கணக்கில் காட்டினார்கள்.

மாட்டுங்கா லேபர் கேம்பிலோ, 90 அடி ரோட்டின் உள் சந்திலோ, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேரோடு படுத்தெழுந்து காலை ஷிஃப்டுக்கு வரும் பையன் மூன்று மணிக்குக் கண்ணைக் கசக்கினால், அது அவன் வேலையை மதிக்காததால் அல்ல. உங்கள் தளத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு மீட்டிங் அறை நிச்சயம் இருக்கும். பிற்பகலில் அரை மணி நேரம் அதைத் திறந்துவிட எச்.ஆர். அனுமதி வாங்குவது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான்.

வீட்டிலிருந்து வேலை பற்றியும் சென்னையில் ஒரு சோதனை உண்டு. டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோர் டேட்டா என்ட்ரி ஊழியர்களைக் குலுக்கல் முறையில் வீட்டிலும் அலுவலகத்திலுமாகப் பிரித்தார்கள். வீட்டில் வேலை செய்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் நாளிலேயே தெரிந்தது. அதைவிட முக்கியமானது, வீட்டில் இருக்கவே விரும்பியவர்கள் அடிப்படைத் திறமையில் மற்றவர்களைவிட மேலானவர்கள். வீட்டுக்குப் போனபோது அதிகம் சரிந்ததும் அவர்களுடைய வேலைதான். வீட்டில் குழந்தையோ முதியவரோ கவனிப்பு கேட்கும் இடத்தில் இப்படி நடக்கும் என்பது நம் வீடுகளை அறிந்தவர்களுக்குப் புதிர் இல்லை.

இதற்கு நேர்மாறாக, ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்ரிப் பயண நிறுவனத்தின் கால் சென்டர் ஊழியர்கள் ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்தபோது 13 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அங்கே வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. அதே நிறுவனம் பிற்பாடு 1,612 பேரை வைத்து, வாரம் இரண்டு நாள் வீடு என்ற முறையைச் சோதித்தது; 2024-ல் முடிவு வெளியானது. வேலையின் தரம் குறையவில்லை. விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அங்கிருந்த மேனேஜர்களிடம் சோதனைக்கு முன் கேட்டபோது உற்பத்தி குறையும் என்றார்கள். முடிந்தபின் கேட்டபோது கொஞ்சம் கூடும் என்று மாற்றிச் சொன்னார்கள். கருத்தை மாற்றிக்கொண்டது அவர்களுக்குப் பெருமை.

வீடா ஆபீசா என்ற சண்டைக்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. செம்பூரில் தனி அறை உள்ளவருக்கு ஒரு விடை, தாராவியில் இல்லாதவருக்கு வேறு விடை. உங்கள் குழுவில் யாருக்கு வீட்டில் கதவை மூடிக்கொள்ள ஓர் அறை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

நேரத்தைப் பற்றி ஒன்று. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 என்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தவர்களின், பெரும்பாலும் பெண்களின், வாராந்திரக் கணக்குகளை ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் நூறு ஆண்டு கழித்து அலசினார். வாரத்துக்கு 50 மணி நேரத்தை ஒட்டி வந்ததும் கூடுதல் மணிக்குக் கிடைக்கும் பலன் குறைகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்தது 56 மணி நேரம் உழைத்தவர்களைவிட அதிகம் இல்லை. போர் நடக்கும்போது, நாட்டுக்காக என்ற உணர்வோடு செய்த வேலையிலேயே இதுதான் நிலைமை.

அடுத்தது சம்பளம். இந்த மடலில் உங்களுக்கு மிக நெருக்கமான பகுதி இது.

ஒடிசாவில் எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி மூவரும் 378 தொழிலாளர்களை மூன்று மூன்று பேர் கொண்ட பிரிவுகளாக வைத்து, கையால் செய்யும் பொருள்களைத் தயாரிக்கும் வேலை கொடுத்தார்கள். சில பிரிவுகளில் மூவருக்கும் ஒரே கூலி. சிலவற்றில் திறமையைப் பொறுத்துக் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு. ஏற்றத்தாழ்வு இருந்த இடத்தில் குறைவாக வாங்கியவர்களின் வேலை சரிந்தது. வருகையும் சரிந்தது, நாள் கூலியை இழந்துகூட அவர்கள் வராமல் இருந்தார்கள். அதிகம் வாங்கியவர்கள் அதற்காகக் கூடுதலாக உழைக்கவும் இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு. யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியான வேலைகளில், அதே ஏற்றத்தாழ்வு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட அதிகம் செய்கிறார் என்று பார்த்து அறிந்தவர் அவருக்கு அதிகம் கிடைப்பதை ஏற்றுக்கொண்டார். ஏன் என்று தெரியாத வித்தியாசத்தைத்தான் மனித மனம் பொறுப்பதில்லை.

ஐரோலியில் ரேட்டிங் எப்படி வருகிறது? இத்தனை பேருக்கு மேல் முதல் தரம் தரக் கூடாது என்று பெல் கர்வ் கீழே இறங்கி வரும். நீங்கள் யாரையாவது இழுத்துக் கீழே போட வேண்டியிருக்கும். காரணம் கேட்டு வருபவரிடம், "விசிபிலிட்டி போதவில்லை" என்பீர்கள். இந்தப் பதில் ஒடிசாவில் மறைந்திருந்த கூலிக் கணக்குக்குச் சமம். சம்பளத் தொகை உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். காரணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. யார் எத்தனை கடினமான வேலையை முடித்தார், யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது ஆண்டு முழுவதும் குழுவுக்குள் திறந்த கணக்காக இருந்தால், மார்ச் மாதத்தில் யாருக்கும் மூடிய கதவுக்குப் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

மும்பையின் கால் சென்டர்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரெமிலா டி'குரூஸ், எர்னஸ்டோ நொரோன்ஹா இருவரும் மும்பையிலும் பெங்களூரிலும் ஊழியர்களிடம் விரிவாகப் பேசி, 2009-ல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது 'புரொஃபஷனல்' என்ற சொல். வாடிக்கையாளர் வசைபாடினாலும் பொறுப்பவர் புரொஃபஷனல். கழிவறைக்குப் போகும் நிமிடம் எண்ணப்பட்டாலும் வாய் திறக்காதவர் புரொஃபஷனல். தொழிற்சங்கம் தனக்குத் தேவையில்லை என்பவர் புரொஃபஷனல். நிறுவனங்கள் ஊட்டிய அந்தப் பெருமிதம் ஊழியரின் வலியை அவருக்கே மறைத்தது. டி'குரூஸ் பிறகு பணியிடத் துன்புறுத்தல் பற்றியே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குறை சொல்லாத குழு நல்ல குழு என்று நினைப்பவர்கள் இந்த நூலை ஒருமுறை புரட்ட வேண்டும்.

கண்காணிப்பைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அருணா ரங்கநாதனும் ஆலன் பென்சனும் இந்தியாவில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில், ஒவ்வொருவரின் உற்பத்தியையும் மின்னணு முறையில் உடனுக்குடன் எண்ணத் தொடங்கியபோது நடந்ததை 2020-ல் எழுதினார்கள். எளிய வேலை செய்தவர்கள் அந்த எண்ணிக்கையை விளையாட்டாக எடுத்துக்கொண்டு கூடுதலாகச் செய்தார்கள். நுணுக்கமான வேலை செய்தவர்களின் உற்பத்தி குறைந்தது. கை நிதானம் கேட்கும் வேலையை எண்ணால் மட்டும் அளந்தபோது, அதில் இருந்த ருசியை அவர்கள் இழந்தார்கள்.

கீழிருந்து மேலே செய்தி போகாமல் தடைபடுவதற்கு எல்லைக்கு அப்பால் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. பாகிஸ்தானின் சியால்கோட், கால்பந்துகளுக்குப் பெயர்பெற்ற ஊர். பந்துக்கான துண்டுகளை வெட்டும்போது சேதாரத்தைக் குறைக்கும் ஒரு புதிய வெட்டச்சை ஆய்வாளர்கள் 35 நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். பதினைந்து மாதம் ஆகியும் ஐந்து நிறுவனங்கள்தான் அதைப் பயன்படுத்தின. காரணம், வெட்டுபவருக்குக் கூலி எண்ணிக்கைக்கு. சேதாரம் குறைந்தால் லாபம் முதலாளிக்கு; புதிய அச்சைப் பழகும்வரை வேகம் குறைந்து நஷ்டம் தொழிலாளிக்கு. அதனால் "இது சரிப்படாது" என்று அவர்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு வெட்டுபவருக்கும் ஓர் அச்சிடுபவருக்கும் ஒரு மாதச் சம்பள அளவு ஊக்கத்தொகை கொடுத்த நிறுவனங்களில் அச்சைப் பயன்படுத்துவது கூடியது. நீங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு புதிய கருவியையும் குழு எதிர்க்கிறது என்றால், அந்தக் கருவியால் மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது என்பதை ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

கேட்பதற்கே ஒரு பலன் உண்டு என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2016-ல் ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தில் சம்பள உயர்வு வந்தது; எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அச்யுத அத்வர்யு, தெரசா மொலினா, அனந்த் நிஷதம் மூவரும் குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதித் தொழிலாளர்களிடம், வேலை, கூலி, சூப்பர்வைசர் பற்றிப் பெயர் வெளிவராமல் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இந்த முடிவை ஒரு தப்பான ஆயுதமாகவும் எடுக்கலாம். உயர்வு தராமல் ஒரு படிவத்தை நீட்டிவிட்டால் போதும் என்று எந்த நிர்வாகமாவது நினைத்தால், அது மனிதர்களின் நம்பிக்கையைக் கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருப்பது. கேட்டபின் ஒரு சிறு மாற்றமாவது கண்ணில் பட வேண்டும்.

இவற்றில் எதையும் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. டேட்டா என்ட்ரி வேறு, நிரல் எழுதுவது வேறு. மூன்று பேர் கொண்ட ஒடிசாப் பிரிவு உங்கள் பதினைந்து பேர் குழு ஆகாது. அதனால்தான் கேட்டுக்கொள்வது ஒன்றே: உங்கள் குழுவில் நீங்களே செய்து பாருங்கள், எண்ணுங்கள், எழுதி வையுங்கள். அடுத்த காலாண்டில் ஒரு வகை டிக்கெட்டை மட்டும் எடுத்து, நான்கு பேர் கொண்ட ஒரு சிறு குழுவிடம் தொடக்கம் முதல் முடிவு வரை விடுங்கள். எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். மற்ற டிக்கெட்டுகளைப் பழைய முறையிலேயே நடத்துங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் மேலிடத்துக்குக் காட்ட உங்கள் கையில் ஒரு சான்று இருக்கும். அந்தப் புதிய முறையைக் கெடுக்கும் நெருக்கடி மேலிருந்து வரும்போது குழுவின் முன்னால் நிற்க வேண்டியதும் நீங்கள்தான்.

மும்பை நகரத்துக்கு வேலையிடத்தை ஆராய்வதில் பழக்கம் இல்லாமலும் இல்லை. 1975-ல் உதய் பரீக், டி.வி. ராவ் என்ற இரு பேராசிரியர்கள் தந்த வடிவத்தை ஏற்று, எல் அண்ட் டி நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக்கென்று தனித் துறை அமைத்தது. இந்தியாவில் அப்படி முழுமையாக அமைந்த முதல் துறை அதுவே. ஊழியரின் வேலையை மதிப்பிடுவதும், அது பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுவதும், அவரை வளர்ப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது அவர்கள் வாதம். செம்பூருக்குப் பக்கத்தில், தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம் 1936-ல் தொடங்கிய நாளிலிருந்து தொழிலாளர் வாழ்க்கையைப் படித்து வருகிறது. மில் தொழிலாளர்களைப் பற்றி இந்த நகரம் அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறது. ஐரோலியில் ஷிஃப்ட் ஷிஃப்டாக வந்துபோகும் உங்கள் குழுவினரைப் பற்றி எழுதப்பட்டது அதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. அந்தக் கழகத்திலிருந்தோ வேறு கல்லூரியிலிருந்தோ ஒரு மாணவர் ஆய்வுக்காக வந்து, உங்கள் ஆட்களோடு பேச அனுமதி கேட்டால், பாதுகாப்பு விதியைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். மேலிடத்தில் அவருக்காக நீங்கள் பேசுங்கள். பேசப் போகிறவர்களின் பெயர் வெளியே வராது என்ற உறுதியையும் வாங்கிக் கொடுங்கள்.